டிக்கியில் மணல் மூட்டை போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டுமாம்

டிக்கியில் ஒரு மூட்டை மணலைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொல்கிறார் மெக்கானிக். கூலியை எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் வைத்த பிறகு சொல்கிறார். அம்பாசடர் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் கதை சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் 'டொடக்' சத்தம், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை, ரப்பர் புஷ் மாற்றம். காசு போனது, சத்தம் போகவில்லை.

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தானுங்க செய்யும்." இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏன் வர வேண்டும்? வண்டிக்கு வயசானதால் சத்தம் வருவதில்லை, தேய்ந்த சாமானால் வருகிறது. தேய்ந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு நல்லதைப் போட்டு, முறையாக முடுக்கினால் சத்தம் நிற்கும். என் வண்டி 1984 மாடல், மார்க் 4, அப்புச்சி வாங்கியது. சீர் சாமானும் ஏற்றி, பின்சீட்டில் பெரியவர்களையும் நெருக்கி உட்காரவைத்து, பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கிய வண்டி. அன்றைக்கு அதில் வராத சத்தம் இன்றைக்கு வந்தால், அதற்கு ஒரு இடம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தானே மெக்கானிக்கிடம் போகிறோம்?

பின்பக்கம் இருப்பதே கொஞ்சம் சாமான்தான். பக்கத்துக்கு ஒரு பட்டை செட். அதன் முன்முனை வளையம், அதாவது முன்கண், பாடியோடு போல்ட்டில் நிற்கும். பின்கண் ஷாக்கிள் என்கிற ஆடும் இணைப்பில் தொங்கும். எடை ஏறினால் பட்டை அழுந்தி நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. இந்தக் கண்களிலெல்லாம் ரப்பர் புஷ். ரப்பர் உதிர்ந்துபோனால் இரும்பு இரும்போடு மோதும், சத்தம் வரும். இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு கடப்பாரையை ஷாக்கிளுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பிப் பார்த்தால் எங்கே ஆட்டம் என்று கண்ணுக்கே தெரியும்.

அந்த மனிதர் நெம்பிப் பார்க்கவே இல்லை. "லெஃப்ட்லதானுங்க சத்தம்" என்று சொல்லிவிட்டு இடது பக்க புஷ்களை மட்டும் மாற்றினார். வலது பக்கம் பழசு அப்படியே கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தேய்ந்திருக்கும், ஒன்றாக மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். "எதுக்குங்க வீண் செலவு?" என்றார். என் காசைக் காப்பாற்றுகிறாராம்.

அடுத்து நடந்ததை நினைத்தால்தான் இன்னும் கொதிக்கிறது. வண்டி ஜாக்கியில் நிற்கிறது, பின் ஆக்சில் ஹவுசிங் கீழே தொங்குகிறது, பட்டை முழுசாக விரிந்து கிடக்கிறது. அந்த நிலையிலேயே ஸ்பேனரில் பைப்பைச் செருகி, ஏறி மிதித்து முடுக்குகிறார். "அண்ணா, வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்துல எடை நின்னதுக்கு அப்புறம் முடுக்குங்க" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். எத்தனை வருஷமாக வண்டி வைத்திருந்தாலும் பட்டறை வாசலில் நமக்கு மரியாதை இவ்வளவுதான்.

ரப்பர் புஷ் முறுக்கிக்கொடுத்துத்தான் வேலை செய்கிறது. போல்ட்டை முடுக்கும்போது பட்டை எந்த நிலையில் இருக்கிறதோ, அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. அந்தரத்தில் முடுக்கிவிட்டுக் கீழே இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கும். புது ரப்பராக இருந்தாலும் சீக்கிரம் கிழிந்துவிடும். இதெல்லாம் நான் கண்டுபிடித்த தத்துவமில்லை, பட்டை வேலையின் அரிச்சுவடி.

சரி, ட்ரயல் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அவர் முன்சீட்டில். முதல் வேகத்தடையிலேயே டொடக். "எங்கீங்க, எனக்குக் கேக்கலையே" என்றார். திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றினேன். டொடக். "அது கதவுங்க." கதவைத் திறந்து இழுத்துச் சாத்திவிட்டு மறுபடி. டொடக். "ஸ்டெப்னி ஆடுதாட்ட இருக்குதுங்." ஸ்டெப்னியை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு மறுபடி. டொடக். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். கடைசியில் அவரும் அவருடைய பையனும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அந்தத் தடவை சத்தம் வரவில்லை. "பாத்தீங்களா, போயிருச்சு" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. பையனை மட்டும் இறக்கிவிட்டு ஏற்றினேன், லேசாக டொக். அவரையும் இறக்கிவிட்டு நான் மட்டும் ஏற்றினேன். டொடக் என்று முழுசாக வந்தது. அவர் ரோட்டோரம் நின்று கேட்டார். கேட்டதை மறுக்க முடியவில்லை. அப்போதுதான் வந்தது அந்த மணல் மூட்டை யோசனை.

எடை ஏறினால் பட்டை அழுந்தும், தேய்ந்த இடம் இறுகி உட்காரும், அதனால் சத்தம் அடங்கும். தேய்மானம் எங்கே போகும்? அங்கேயேதான் இருக்கும். வலது பக்கத்தை இன்னும் திறந்துகூடப் பார்க்காத ஆள், வாழ்நாள் முழுக்க என்னை மணல் சுமக்கச் சொல்கிறார்.

மணல் வேண்டாம் என்றதும் அடுத்தது, "ஒரு பட்டை சேத்திப் போட்டா சரியாயிருமுங்." பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பின்சீட்டில் இருக்கிறவர்களின் இடுப்பு ஒடியும். உதிர்ந்த ரப்பர் அதனால் முளைத்துவிடாது. செட்டைக் கழற்றி ஒவ்வொரு பட்டையாக விரிசல் பார்க்க வேண்டும். வளைவு போயிருந்தால் வளைவு ஏற்ற வேண்டும். பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் புதுசாகப் போட வேண்டும், ஹவுசிங் இடம் மாறாமல் நிற்பது அதன் தலையை நம்பித்தான். பட்டையையும் ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டும் புதுசு வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். இத்தனையும் விட்டுவிட்டு, நான் பணம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் பட்டை முழுக்கக் கழிவு ஆயிலை ஊற்றி வைத்திருக்கிறார், கிறீச் சத்தம் கேட்கக் கூடாதென்று. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போய்க் கெடும். இப்போது போட்ட புது புஷ்ஷும் அதில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் பட்டை வேலை தெரியாத ஊரில் நடந்திருந்தால் மனசு ஆறும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியாலேயே பிழைக்கிற பூமி இது. பட்டையை உலையில் போட்டு அடித்து வளைவு ஏற்றுகிற கை இங்கே எத்தனை இருக்கிறது! யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும் என்று லாரி கிளீனர் பையனுக்குத் தெரியும். ஜி.டி. நாயுடு பிறந்த மண் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம், நாலு ரப்பர் புஷ்ஷை நேராக மாட்ட ஆள் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014இல் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், சாமான் கிடைப்பது சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே சாமான் கிடைத்தது. கோவை உக்கடத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்து, கல்லாக இறுகிப்போன டூப்ளிகேட்டை ஒதுக்கிவிட்டு நானேதான் நல்லதாக வாங்கிக் கொடுத்தேன். அதில் பாதி இன்னும் பிரிக்காமல் என் வீட்டில் இருக்கிறது, வலது பக்கத்துக்கு வாங்கியது.

அந்த வேகத்தடையையும் சொல்லிவிடுகிறேன். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கத்தான் அந்த அகலம். எங்கள் தெருமுனையில் இருப்பது ஒரு முழம் அகலம்கூட இருக்காது, மீந்த தாரைக் குவித்து ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைக் கோடு கிடையாது, முன்னெச்சரிக்கைப் பலகை கிடையாது, விளக்குக் கம்பமும் எரிவதில்லை. போன வாரம் டூ வீலரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு அம்மிணி அதில் விழுந்து முழங்கை பெயர்ந்தது. மனு கொடுக்கப் போனால், அந்தத் தடையை யார் போட்டது என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.