ஒல்லியாக உழைப்பவருக்குச் சர்க்கரை வராதா?

“சர்க்கரை நோய் பணக்காரர் நோய். ஒல்லியாக இருந்து, உடம்பு வளைத்து வேலை செய்கிறவருக்கு வராது.” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2025 கணக்குப்படி, உலகில் சுமார் 58.9 கோடி பெரியவர்களுக்கு நீரிழிவு உண்டு. அதில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். நம் ஊர்ப் பக்கமும் பாருங்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பல மாநிலங்களில் நடத்திய நீரிழிவுக் கணக்கெடுப்பான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2017இல் வெளியானது. அது, தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் நகரப் பகுதிகளில் வசதி குறைந்தவர்களிடமே நோய் அதிகம் என்று கண்டது.

சரி, ஒல்லியானவர்கள்? ஊட்டச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் நீரிழிவு 1955லேயே ஜமைக்காவில் பதிவானது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாக வைத்தது. 1999இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. (எடுத்ததால் நோயாளிகள் காணாமல் போய்விடவில்லை.) வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2022இல் வந்தது. இந்த வகை நோயாளிகள் உடம்பில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சுரப்பதே குறைவு என்று அது கண்டது. பரவலாகக் காணப்படும் ‘இரண்டாம் வகை’ நீரிழிவில் போல, சுரந்த இன்சுலின் வேலை செய்யாமல் போவது அல்ல இங்கே முக்கியச் சிக்கல். 2025இல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என ஏற்றுக்கொண்டது.

உடல் உழைப்பு இரண்டாம் வகைக்கான ஆபத்தைக் குறைக்கும், அது உண்மைதான். ஆனால் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால், ஒல்லியானவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.