மூடிய ஹெட்ஃபோனின் தரம் இரண்டாவது மணி நேரத்தில்தான் தெரியும்

வீடியோ கேமுக்கும் திரைப்படத்துக்கும் பொதுவாக ஒரு மூடிய ஹெட்ஃபோன் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று அண்மையில் நண்பர்கள் மூவர் தனித்தனியே கேட்டார்கள். டிரைவர், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர், எத்தனை மில்லிமீட்டர், சுற்றிலுமிருந்து கேட்பதுபோல் ஒலி தரும் 7.1 சரவுண்ட் உண்டா, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி எப்படி என்பதைப் பற்றியெல்லாம் அவர்கள் விசாரித்தார்கள். காதைச் சுற்றி அமரும் மெத்தையான இயர்பேட் எவ்வளவு ஆழம், காது முழுவதும் உள்ளே அடங்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்ல ஒலியை முதலில் தேர்ந்துகொண்டு, சொகுசு கிடைத்தால் கூடுதல் லாபம் என்று எண்ணுகிற இந்தப் பழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. மூடிய ஹெட்ஃபோனைப் பொறுத்தவரை, காதில் சரியாகப் பொருந்தாதது சரியாக ஒலிக்கவும் செய்யாது.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. 1968-இல் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 மூலம் அறிமுகப்படுத்திய திறந்த வகை ஹெட்ஃபோன்களில் டிரைவரின் பின்புறம் காற்றுக்குத் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் ஒலி வெளியே போகும், வெளியே இருக்கும் ஒலி உள்ளே வரும். மூடிய வகையில் டிரைவருக்குப் பின்னால் அடைத்த கிண்ணமும், முன்னால் இயர்பேடும் உங்கள் காதும் சேர்ந்து உருவாக்குகிற சிறு அறையும் இருக்கின்றன. அந்தச் சிறு அறையின் சுவர் இயர்பேடுதான். அது தோலோடு ஒட்டாமல் ஓரிடத்தில் மெல்லிய இடைவெளி விட்டாலும், தாழ்ந்த அதிர்வெண்கள் அதன் வழியே கசிந்து குறைந்துவிடும். வெளிச்சத்தமும் அதே வழியில் உள்ளே நுழையும். ஒரே ஹெட்ஃபோனை ஒருவர் பேஸ் போதவில்லை என்றும் இன்னொருவர் பேஸ் அதிகம் என்றும் சொல்வதைப் பார்க்கிறோம். பல நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மை. அவர்களுடைய தாடையும் கன்னமும் காதும் வேறு வேறு.

இதை நான் கண்ணாடி அணிகிறவன் என்பதால் உணர்ந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு கேமிங் ஹெட்செட்டில் முதல் அரை மணி நேரம் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு கண்ணாடியின் கம்பி காதுக்கு மேலே எலும்பில் அழுந்தத் தொடங்கும். ஒரு மணி நேரம் கடந்ததும் ஹெட்செட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக்கொள்வேன். வலி தணியும், ஆனால் பேஸ் காணாமல் போகும். அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றுவேன். வலி, கசிவு, அதிக வால்யூம் என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததை நான் புரிந்துகொள்ள ஓராண்டுக்கு மேல் ஆனது. கண்ணாடி அணிகிறவர்கள் மென்மையான, அழுத்தினால் கம்பியைச் சுற்றி உருவம் மாறிக்கொள்கிற மெமரி ஃபோம் இயர்பேடைத் தேடுங்கள். கண்ணாடிக் கம்பியும் மெல்லியதாக இருந்தால் இன்னும் நல்லது.

இயர்பேடில் பார்க்க வேண்டியவை பல. முதலாவது துளையின் அளவு. காது மடல் முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். மடலின் விளிம்பு பேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் இருபது நிமிடத்தில் சூடும் வலியும் வந்துவிடும். இரண்டாவது ஆழம். இதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆழம் குறைவான பேடில் காதின் நுனி டிரைவரை மூடியிருக்கும் துணியில் உரசும். முதலில் அது ஒரு தொடுகை மட்டுமே. இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் வேறு எதையும் நினைக்கவிடாது. மூன்றாவது உறை. செயற்கைத் தோல் நன்றாக ஒட்டி அடைக்கும், பேஸைக் காக்கும், ஆனால் வியர்க்க வைக்கும். வியர்வையும் ஈரப்பதமும் பட்டுச் சில ஆண்டுகளில் பொருக்குப் பொருக்காக உதிரவும் செய்யும். வெல்வெட் போன்ற துணியுறை காற்றோட்டமாக இருக்கும், நீண்ட நேரத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் சற்றுக் கசியும். பெயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 ப்ரோ துணி பேடுடனேயே வடிவமைக்கப்பட்டதால் அங்கே அந்தக் கசிவும் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது. தோல் பேடுக்காக வடிவமைத்த ஹெட்ஃபோனில் நாமாகத் துணி பேடை மாற்றினால் ஒலியும் மாறிவிடும். சொகுசுக்காகச் செய்த மாற்றம் ஒலியை மெலிதாக்கிவிட்டது என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றுப் பேட் கிடைக்காத ஹெட்ஃபோனை நான் வாங்கமாட்டேன், ஏனென்றால் முதலில் தேய்வது அதுதான்.

எடையைப் பற்றி ஒரு சொல். சோனியின் எம்.டி.ஆர். 7506 ஏறத்தாழ 230 கிராம், டி.டி. 770 ப்ரோ 270 கிராம், ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.எச். எம்.50எக்ஸ் 285 கிராம்; இந்த வேறுபாட்டைத் தலை பெரிதாக உணர்வதில்லை. எடை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் இறங்குகிறதா, பரவி இறங்குகிறதா என்பதைத்தான் உணர்கிறது. அகலமான தொங்கு பட்டை கொண்ட கனமான ஹெட்ஃபோன், மெல்லிய பஞ்சு வைத்த இலேசான ஹெட்ஃபோனைவிடச் சுகமாக இருக்கலாம். பக்கவாட்டு இறுக்கமும் அப்படியே: குறைந்தால் கசியும், கூடினால் தாடை வலிக்கும். உலோகப் பட்டை உள்ளவற்றை ஓர் இரவு புத்தக அடுக்கின்மீது விரித்து வைத்துத் தளர்த்தலாம். பிளாஸ்டிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

இனி ஒலி. கேமில் எதிரியின் காலடி எந்தத் திசையில் கேட்கிறது என்பதே முக்கியம் என்பதால் 7.1 என்று அச்சிட்ட பெட்டியை நோக்கிக் கை போகிறது. அத்தகைய ஹெட்செட்டுகளில் ஏறத்தாழ அனைத்திலும் காதுக்கு ஒரு டிரைவர்தான் இருக்கிறது. மற்றவை மென்பொருள் செய்யும் கணக்கு. நமக்கும் இரண்டு காதுகள்தான். ஒலி இரு காதுகளை அடையும் நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும், மடலில் பட்டு மாறும் விதத்தையும் வைத்தே மூளை திசையை அறிகிறது. அந்தக் கணக்கைப் பல கேம்கள் தாமாகவே செய்கின்றன. அதன்மேல் ஹெட்செட்டின் சரவுண்டையும் போட்டால் ஒரே வேலை இருமுறை நடந்து திசை குழம்பிப்போகும். இரண்டில் ஒன்றை மட்டும் இயக்குங்கள்.

திரைப்படத்தில் பிரச்சினை வேறு: வசனம் முணுமுணுப்பாகவும் வெடிச்சத்தம் காதைக் கிழிப்பதாகவும் கேட்பது. ஆறு தடங்களாக வரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. அதை இரண்டு தடங்களாகச் சுருக்கும்போது மற்றத் தடங்களோடு கலந்து அமுங்கிவிடக்கூடும். வசனத்துக்காக வால்யூமை ஏற்றுகிறோம், அடுத்த காட்சியில் தண்டனை கிடைக்கிறது. பிளேயரில் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்குமான இடைவெளியைக் குறைக்கும் இரவு முறை போன்ற அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஹெட்ஃபோனைத் தேர்ந்தெடுக்கும்போது, நடு அதிர்வெண்கள் தெளிவாக இருப்பதைத் தேடுங்கள். பேஸ் வீங்கிய ஹெட்ஃபோனில் மனிதக் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், காலடி ஓசையும் அதிலேயே மூழ்கும்.

வயரா, வயர்லெஸ்ஸா என்பதில் என் நிலை தெளிவானது. ஒளிபரப்புக்கான ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின்படி ஒலி படத்தைவிட 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ பார்ப்பவர் அதை உணரத் தொடங்குகிறார். சாதாரண ப்ளூடூத் 150 மில்லிசெகண்டையும் தாண்டித் தாமதிப்பதுண்டு. படத்தில் பிளேயர் காட்சியைத் தாமதப்படுத்தி இதைச் சரிக்கட்டிவிடும். கேமில் நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகே ஒலி பிறப்பதால் சரிக்கட்ட வழியில்லை. மேலும், ப்ளூடூத்தில் மைக்கை இயக்கியதும் பொதுவாக அழைப்புத் தரத்துக்கு ஒலி இறங்கி மோனோவாகிவிடும். ஆகவே கேமுக்கு வயர், அல்லது கணினியிலோ கன்சோலிலோ செருகும் தனி டாங்கிள் கொண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ். வயர் என்றால் கழற்றி மாற்றக்கூடிய வயராக இருக்கட்டும். 250 ஓம் போன்ற உயர் மின்தடை வகைகள் கன்ட்ரோலரிலோ மடிக்கணினியிலோ போதிய சத்தம் தராமல் போகலாம். ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் 32 ஓம், 80 ஓம் வகைகளிலேயே இருப்பது நல்லது.

மூடிய வகையை நான் விரும்புவதற்கு, வீட்டில் மற்றவர்கள் உறங்கும்போது ஒலி வெளியே போகாது என்பது மட்டும் காரணமில்லை. வெளிச்சத்தம் அடைபடுவதால் குறைந்த வால்யூமிலேயே எல்லாம் கேட்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு வரம்பு. 3 டெசிபல் கூடினாலே அந்த நேரம் பாதியாகிவிடும். நாள்தோறும் மணிக்கணக்கில் விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிக விரைவில் தீர்ந்துபோகும். இறுக்கம் தாளாமல் காதைவிட்டு விலக்கி வைத்த ஹெட்ஃபோன் அந்தப் பாதுகாப்பைத் தராது.

ஆகவே கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள்; அந்தக் காலம் முடிவதற்குள், நீங்கள் வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, ஒரு முழுப் படத்தை இடையில் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் பாருங்கள். படத்தின் பிற்பகுதியில் எத்தனை முறை உங்கள் கை காதுப் பக்கம் போயிற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.