சூடு இல்லை, நுரையீரல்

ஓடிய குதிரைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் ‘உடல் சூடு’, குளிர்ச்சியான தீவனம் கொடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சென்னையில் எங்கள் வியாசர்பாடி பக்கம் சாரட்டுக் குதிரை வைத்திருப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் விஷயம் நுரையீரலில். வேகமாக ஓடும்போது அங்குள்ள நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, மெல்லிய சுவர் கிழிகிறது. பெரும்பாலான குதிரைகளுக்கு வெளியே ஒரு சொட்டுகூட வராது. ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல் கழித்து எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தால்தான் மூச்சுக்குழாயில் ரத்தம் தெரியும்.

இந்த ரத்தக் கசிவைக் குறைக்க அமெரிக்காவில் பல ரேஸ்களுக்கு 4 மணி நேரம் முன்பு ஃபுரோசமைட் ஊசி போடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதய நோய்க்கு விழுங்கும் அதே லேசிக்ஸ்தான்! நீர் பிரிந்து அழுத்தம் குறையும், எடையும் சுமார் 10 கிலோ இறங்கும். பல நாடுகளில் பந்தய நாளன்று அதற்குத் தடை உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே ஊசி போட்டுவிடாதீர்கள்.

வைக்கோலை நனைத்துப் போடுவது, லாயத்தில் தூசியைக் குறைப்பது (மணலி, எண்ணூர்க்காரர்களுக்கு இது பெரும்பாடு), ரத்தம் வந்த குதிரைக்கு நல்ல ஓய்வு, இவை நம் கையில் இருக்கின்றன. அப்புறம், தொண்டைப் பக்கத்துப் பூஞ்சைத் தொற்றாலும் மூக்கில் ரத்தம் வரும், அது உயிருக்கே ஆபத்து. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிவிடுங்கள்.