ஆறு பக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது
ஒரு தளத்தைத் தற்செயலாகப் பிரிக்கும்போது உருவாகும் பலகோணக் கட்டங்களுக்குச் சராசரியாக ஆறு பக்கம் (விளிம்பு) என்று கட்டுரை பொதுவாகச் சொல்வது சரியாகப் படவில்லை. புள்ளிகளைத் தூவி, ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றவற்றைவிட அருகிலிருக்கும் இடத்தை ஒரு கட்டமாக வரையும் வொரொனோய் கட்டங்களுக்கு அது சரி. அங்கே ஒவ்வொரு முனையிலும் மூன்று கட்டங்கள் சந்திக்கின்றன. ஆனால் கண்டபடி நேர்கோடுகளை இழுத்தால், ஒவ்வொரு வெட்டுப்புள்ளியையும் நான்கு கட்டங்கள் சூழும், சராசரிப் பக்க எண்ணிக்கையும் நான்குதான். என் மகளும் நானும் ஸ்கேல் வைத்து முப்பது கோடு போட்டுப் பார்த்தோம். திரும்பிய பக்கமெல்லாம் நகநுனி அளவு முக்கோணங்கள். பாய்சான் கோடுகளில், அதாவது இடமும் திசையும் முழுக்கத் தற்செயலாக அமையும் கோடுகளில், உருவாகும் கட்டங்களில் முக்கோணங்கள் சுமார் 35.5 சதவீதம். அப்புறம், கண்ணை மூடிப் பென்சிலை வைத்தால் அது பெரிய கட்டத்தில் விழவே வாய்ப்பு அதிகம்: அப்படிச் சிக்கும் கட்டத்தின் சராசரிப் பரப்பு, எல்லாக் கட்டங்களின் சராசரியைப் போல் ஏறத்தாழ 4.93 மடங்கு.