பேராவுக்குத் துணை மந்திரி புசார் வேண்டும், ஆனால் மாலை போட்டுக்கொள்வதற்காக வேண்டாம்

சுங்கை சிப்புட் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. மலேசியாவின் பேரா மாநிலத்தில் துணை மந்திரி புசார் பதவியை உருவாக்க வேண்டும், அதை இந்தியருக்குத் தர வேண்டும். (சுல்தான் இருக்கும் மாநிலங்களில் முதலமைச்சரைத்தான் மந்திரி புசார் என்கிறோம்.) பினாங்கில் 2008-லிருந்து இரண்டாம் துணை முதலமைச்சர் நம்மவர்தானே, பேராசிரியர் ராமசாமி 2023 வரை இருந்தார், அவருக்குப் பிறகு ஜக்டீப் சிங் வந்தார், இங்கே மட்டும் ஏன் கூடாது என்று கேட்கிறார்கள்.

அந்தப் பதவி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் குழுக்களில் யார் உட்காரப் போகிறார், எந்தக் கட்சி, எந்தச் சமூகம் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அவருக்கு என்ன அதிகாரம், மந்திரி புசார் திடீரென்று போய்விட்டால் அவர் என்ன செய்யலாம், எத்தனை நாளைக்குச் செய்யலாம் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தோட்டத்தை நம்பி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது கோலாலம்பூர் அரசியல் விவகாரம் இல்லை. நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் பாருங்கள், நிலம் அங்கேதான் இருக்கிறது. கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி நிலம், தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்தை இடித்த பிறகு வீட்டுக்குக் கேட்கும் மனை, இடுகாடு, எதுவாக இருந்தாலும் கோப்பு கடைசியில் மாநிலத் தலைநகர் ஈப்போவில் ஆட்சிக்குழுவின், அதாவது மாநில அமைச்சரவையின், மேசைக்குத்தான் போக வேண்டும். அந்த மேசையின் தலைமாட்டில் உட்காருகிறவர் மந்திரி புசார்.

சரி, அவர் போனால் என்ன ஆகும்?

மாநில அரசியலமைப்புகளுக்கு அடித்தளமாக இருப்பது கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை. பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று தாம் கருதும் சட்டமன்ற உறுப்பினரை சுல்தான் மந்திரி புசாராக நியமிப்பார், மந்திரி புசாரின் ஆலோசனைப்படி நான்குக்குக் குறையாமல் பத்துக்கு மிகாமல் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் நியமிக்கப்படுவார்கள் என்று அதில் இருக்கிறது. பெரும்பான்மை போய்விட்டால் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லிக் கேட்கலாம், கலைக்கப்படவில்லையென்றால் ஆட்சிக்குழு மொத்தமாகப் பதவி விலக வேண்டும். துணை என்று ஒருவரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நடுவில் வரும் நாட்களை யார் பார்த்துக்கொள்வது என்றும் அது சொல்லவில்லை. மேலே மத்தியில்கூட இதே கதைதான். துணைப் பிரதமர் என்ற பதவி அரசியலமைப்பில் கிடையாது, வழக்கத்தில் வந்தது. 1976 ஜனவரி 14-ஆம் தேதி துன் ரசாக் லண்டனில் இறந்தார், துணைப் பிரதமராக இருந்த உசேன் ஓன் மறுநாளே பிரதமரானார். எல்லாம் ஒழுங்காக நடந்தது, வழக்கம் கைகொடுத்தது. 2020 பிப்ரவரி 24-இல் துன் மகாதீர் பதவி விலகியபோது அதே வழக்கம் கைகொடுக்கவில்லை. துணைப் பிரதமர் இருந்தும் அமைச்சரவையே கலைந்துபோனது, மாமன்னர் துன் மகாதீரையே இடைக்காலப் பிரதமராக நியமித்தார், மார்ச் 1-இல் முகிதீன் பதவியேற்கும் வரை நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கோவிட் நுழைந்துகொண்டிருந்த வாரம் அது.

பேராக்காரர்களுக்கு இதைவிட மோசமான அனுபவம் உண்டு. 2008 தேர்தலில் மொத்தம் 59 இடங்களில் பக்காத்தான் கூட்டணிக்கு 31, தேசிய முன்னணிக் கூட்டணிக்கு 28. பக்காத்தானின் நிஜார் மந்திரி புசார் ஆனார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பக்காத்தான் உறுப்பினர்கள் மூன்று பேர் பக்கம் மாறினார்கள். சட்டமன்றத்தைக் கலைக்க நிஜார் கேட்டார், கிடைக்கவில்லை. 2009 பிப்ரவரி 6-இல் தேசிய முன்னணியின் ஜம்ரி பதவியேற்றார். அப்புறம் நடந்ததெல்லாம் நாம் கண்ணால் பார்த்தது. மார்ச் 3-இல் ஈப்போவில் ஒரு மரத்தடியில் சட்டமன்றம் கூடியது. மே 7-இல் சபாநாயகர் சிவகுமாரை இருக்கையோடு அவையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். மே 11-இல் உயர் நீதிமன்றம் நிஜார்தான் மந்திரி புசார் என்றது, மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. கடைசித் தீர்ப்பு கூட்டரசு நீதிமன்றத்திலிருந்து 2010 பிப்ரவரி 9-இல்தான் வந்தது. ஒரு வருடம், யார் மந்திரி புசார் என்ற கேள்வி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புதுக்கிராமங்களுக்கும் திட்டமிட்ட கிராமங்களுக்கும் 999 ஆண்டுக் குத்தகையில் பட்டா தருவோம் என்று நிஜார் அரசு அறிவித்த திட்டமும் அந்தக் குழப்பத்தோடு நின்றுபோனது. பட்டா வரும் என்று நம்பி விண்ணப்பம் போட்டவர்கள் அப்படியே நின்றார்கள்.

அதே பேராவில் 2020 டிசம்பர் 4-இல் நடந்ததையும் பாருங்கள். மந்திரி புசார் பைசால் அசுமு மேலான நம்பிக்கை சட்டமன்றத்திலேயே வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 10, எதிர்ப்பு 48. பைசால் பதவி விலகினார். டிசம்பர் 10-இல் சாரானி பதவியேற்றார். யாரும் நீதிமன்றம் போகவில்லை, யாரையும் யாரும் இழுக்கவில்லை. கட்சிகளைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயம் இருந்தாலும், எண்ணிக்கை அவையில் வெளிப்படையாகத் தெரிந்தால் சண்டை சீக்கிரம் முடிகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனாலும் நடுவில் ஆறு நாள் இருந்ததே, அந்த ஆறு நாளுக்கு விதி எங்கே?

சிலாங்கூர் மாநிலத்தில் ஆறு நாளோடு முடியவில்லை. 2014 ஆகஸ்டில் மந்திரி புசார் காலிட் இப்ராகிம் சொந்தக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், அஸ்மின் அலி பதவியேற்றது செப்டம்பர் 23-இல். இடையில் சுமார் ஒன்றரை மாதம் ஒரு மாநிலம் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயமும் போய், கோயில் மட்டும் மிச்சம். நிலத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கோயில் பொருளாளர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தூக்கிப் போட மாட்டார். பழுப்பு நிறக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறார், அதில் நில வரைபடத்தின் நகல், கோயில் இருக்கும் சின்னச் சதுரத்தில் மஞ்சள் மை, பக்கத்தில் எழுத்து அழிந்துபோன ரசீதுகள். ஆட்சிக்குழு மாறும்போதெல்லாம் அலுவலக முகப்பில் ஒரே பதில்தான், புதிய ஆட்சிக்குழு அமையட்டும், பிறகு வாருங்கள். மறுபடியும் கடிதம் எழுத வேண்டும், விஷயம் அதேதான், யாருக்கு என்பது மட்டும் மாறும். போன தடவை ஆட்சி கவிழும் என்று பேச்சு அடிபட்டபோது அவர் என்னிடம் சொன்னார், "தம்பி, பேருக்கு மட்டும் இடம் விட்டு அடிச்சு வைப்போம், யார் வர்றாங்கன்னு பாத்து எழுதிக்கலாம்." எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், அரசாங்கம் நிலையாக இருக்கும் என்று நம்பிக் கடிதம் எழுத முடியாத நிலையில் இருக்கிறார்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்று ஒரு மாநிலம். அங்கேயும் துணை ஆளுநர் பதவி இல்லாமல்தான் இருந்தது. ஆளுநர் போனால் செனட் தலைவர் பொறுப்பு ஆளுநர் ஆவார், செனட் தலைவர் பதவியையும் விடாமல் வைத்துக்கொள்வார். சட்டம் இயற்றுகிற அவையின் தலைவரும் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் ஒரே ஆள். 2001-இல் ஆளுநர் கிறிஸ்டின் விட்மன் மத்திய அரசுப் பதவிக்குப் போனதும் டொனால்ட் டிஃபிரான்செஸ்கோ இப்படித்தான் ஆண்டார். 2002 ஜனவரியில் அவர் செனட் பதவிக்காலம் முடிந்தது, புதிய ஆளுநர் மெக்ரீவி பதவியேற்க ஒரு வாரம் பாக்கி. செனட் 20-க்கு 20 என்று சமமாகப் பிரிந்திருந்ததால் இரண்டு தலைவர்கள். முதலில் தலைமை வழக்கறிஞர் ஜான் ஃபார்மர் சுமார் ஒன்றரை மணி நேரம், பிறகு இரண்டு செனட் தலைவர்களும் ஆளுக்குச் சில நாள், கடைசியில் மெக்ரீவி. ஒரு வாரத்துக்குள் ஐந்து பேர் கையில் ஆளுநர் அதிகாரம் மாறியது. அந்த மெக்ரீவியும் 2004 நவம்பரில் பதவி விலக, மறுபடி செனட் தலைவர் ரிச்சர்ட் கோடி ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தார். மக்களுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. 2005 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பைத் திருத்தினார்கள், 2009 தேர்தலிலிருந்து துணை ஆளுநர். ஆளுநர் வேட்பாளர் தாம் வேட்பாளராகத் தேர்வான 30 நாளுக்குள் துணையின் பெயரைச் சொல்ல வேண்டும், இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. துணை ஆளுநர் ஒரு துறையையோ வேறொரு நிர்வாகப் பொறுப்பையோ சேர்த்துப் பார்க்க வேண்டும், சும்மா காத்துக்கொண்டிருக்க முடியாது. முதல் துணை ஆளுநர் கிம் குவாடாக்னோ மாநிலச் செயலாளர் பதவியையும் பார்த்தார். புதுப் பதவி என்றாலே கார், ஓட்டுநர், அலுவலகம், செலவு என்று சொல்பவர்களுக்கு இது பதில். ஆட்சிக்குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவரைத் துணையாக அறிவித்தால் கூடுதல் ஆளே தேவையில்லை.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கிளந்தானில் துணை மந்திரி புசார் நீண்ட காலமாக இருக்கிறார், 2013-இல் மந்திரி புசார் நிக் அசிஸ் ஒதுங்கியதும் துணையாக இருந்த அகமட் யாக்கோப் தலைமைக்கு வந்தார். சரவாக்கில் முதலமைச்சர் அட்னான் சாத்தெம் 2017 ஜனவரி 11-இல் காலமானார், துணை முதலமைச்சர்களில் ஒருவரான அபாங் ஜொஹாரி 13-ஆம் தேதி பதவியேற்றார். துக்கத்துக்கு நடுவில் இரண்டே நாள். சபாவிலும் துணை முதலமைச்சர்கள் உண்டு. ஆக இது வானத்திலிருந்து இறங்கி வர வேண்டிய யோசனை இல்லை.

இங்கே ஒரு கஷ்டமான இடம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க எனக்கு விருப்பமில்லை. பேராவின் அரசியலமைப்புப்படி மந்திரி புசார் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும், அந்த நிபந்தனையைத் தளர்த்தும் உரிமை சுல்தானுக்கு இருக்கிறது. 2008-இல் பக்காத்தானின் 31-இல் ஜ.செ.க-வுக்கு (ஜனநாயக செயல் கட்சிக்கு) 18 இருந்தும், ஆறே இடம் வைத்திருந்த பாஸ் கட்சியிலிருந்து மந்திரி புசார் வந்ததற்கு இது ஒரு காரணம். அப்படியென்றால் இந்தியரையோ சீனரையோ துணை ஆக்கினால், மந்திரி புசார் போன அன்று அவர் பொறுப்பேற்க முடியுமா? விதி எழுதாமல் விட்டால் அன்றைக்கே சண்டை தொடங்கும். எழுதி வைத்தால் வராது. பொறுப்பு என்பது வேறு, நியமனம் என்பது வேறு. துணை செய்ய வேண்டியது கோப்புகளை ஓட வைப்பது, சம்பளம் போவதையும் வெள்ள நிவாரணம் போவதையும் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். புதிய நிலம் கொடுப்பது, பெரிய ஒப்பந்தம் போடுவது, அதிகாரிகளை மாற்றுவது இதெல்லாம் அந்த நாட்களில் கூடாது. 14 நாளுக்குள் சட்டமன்றம் கூடி வாக்கெடுக்க வேண்டும், அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மந்திரி புசாரை சுல்தான் நியமிப்பார். அரண்மனையின் விருப்புரிமையில் யாரும் கை வைக்கவில்லை, யாருக்கு ஆதரவு என்று உறுப்பினர்களிடம் இரவில் ஹோட்டல் அறைகளில் எழுதி வாங்கும் சத்தியப் பிரமாணங்களுக்குப் பதில் அவையில் எண்ணிய தலைகள் இருக்கும், அரண்மனைக்கும் அது நிம்மதி.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022-இல் வந்துவிட்டதே, இனி எதற்கு இது என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சட்டம் தனி ஆள் தாவுவதைத்தான் தடுக்கிறது. கட்சியே கூட்டணி மாறினால் அது தொடாது. மரணத்தையும் நோயையும் எந்தச் சட்டமும் தடுக்காது. மந்திரி புசார் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தால், அவர் இயலாதவர் என்று யார் அறிவிப்பது? இரண்டு மருத்துவர்கள், சபாநாயகர், ஆட்சிக்குழுவின் பெரும்பான்மை என்று ஏதோ ஒரு வழி எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்தியருக்குப் பதவி வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அதிகாரம் எழுதப்படாத பதவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பொங்கல் விழாவுக்கும் பள்ளித் திறப்பு விழாவுக்கும் மட்டும் கூப்பிடுவார்கள் என்றால், நம் கோயில் கோப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

மாநில அரசியலமைப்பைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 59-க்கு 40. 2022 தேர்தலில் பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9, இரண்டும் சேர்ந்தே 33 தான். எதிரணியான பெரிக்காத்தான் கூட்டணிக்கு 26. அதனால் எதிரணியிலிருந்து ஏழு பேராவது வராமல் இது நடக்காது, அவர்களும் 2020-இல் ஆட்சி கைநழுவியதைப் பார்த்தவர்கள்தான். சுங்கை சிப்புட்டின் லிந்தாங், ஜாலோங் இரண்டு சட்டமன்றத் தொகுதி உறுப்பினர்களுக்கும் மலாயில் ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, மேலே சொன்ன விதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. சுங்கை சிப்புட் ஆட்கள் படித்துப் பார்த்துக் குறை இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாக அந்த 14 நாள் போதுமா என்று. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.