கொலோன் ஒலிக்கூடத்தை நிறுவியவர் ஸ்டாக்ஹவுசனா?
‘ஜெர்மனியின் கொலோன் வானொலியில் மின்னணு இசைக்கூடத்தை நிறுவியவர் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன், 1950களில் அங்கே சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் இசைக்கருவி) இசையமைத்தார்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கூடத்துக்கான முடிவு 1951 அக்டோபரில் எடுக்கப்பட்டது. முன்னின்றவர் ஹெர்பர்ட் ஐமெர்ட். அவரும் இசையமைப்பாளர்தான், ஏனோ பெயர் விடுபட்டுவிடுகிறது. ஸ்டாக்ஹவுசன் 1953இல் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார், பொறுப்பாளரானது 1963இல்.

சிந்தசைசர்? 1954இல் அவர் முடித்த ‘ஸ்டுடி 2’ என்ற படைப்பு முழுக்க சைன் அலைகளும் (ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய ஒலிகள்) ஒலிப்பதிவு நாடாவும்தான். 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 81 அதிர்வெண்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.0665 மடங்கு. ஐந்தைந்தாகச் சேர்த்து, எதிரொலி அறையில் ஒலிக்கவிட்டுப் பதிந்து, வெட்டி ஒட்டினார். நாடா நொடிக்கு 76.2 செ.மீ. ஓடும்; அதாவது அரை நொடி ஒலிக்கு 38.1 செ.மீ. துண்டு. கால அளவை நிர்ணயித்தது அளவுகோலும் கத்தரியும்.