ரீச்சருக்கு வந்த ஆறு இலக்கம்

சின்னம்மாவிடம் கேட்டு, அவ சரி சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் போடவேண்டாம் என்றா. “மற்றதெல்லாம் நடந்தபடியே எழுது பிள்ளை. ஒற்றுப் பிழை விடாமல் எழுது.”

31 வருடம் தமிழ் படிப்பித்தவ. வவுனியாவில் தொடங்கி, கொழும்பில் ஓய்வு பெற்றவ. இப்போது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே தனியே இருக்கிறா. மகன் கனடாவில். கல்யாணக் காட் வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க முதல், ர வரவேண்டிய இடத்தில் ற வந்திருக்கிறதா என்று பார்ப்பா.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அவவோடு ஒன்றாகப் படிப்பித்த தோழி ஒருவரின் வட்ஸ்அப்பில் இருந்து ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில். தவறுதலாக உங்கள் நம்பருக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அவசரம், எனக்கு அனுப்பிவிடுங்கள் என்பதுதான் விஷயம். எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியனைப் பிடித்து அதை வாசித்துத் தெரிந்துகொண்டிருக்கிறா. அந்தத் தோழி இத்தனை வருடத்தில் சின்னம்மாவுக்கு ஒரு வரிகூட ஆங்கிலத்தில் எழுதியதில்லை. அது சின்னம்மாவுக்கும் உறுத்தியிருக்கிறது. “பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவிச்சிருப்பா எண்டு நினைச்சன்” என்றா. அதே நேரம் ஆறு இலக்கத்தோடு ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்தது. இலக்கம் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பார்த்து எழுதி அனுப்பிவிட்டா. இதை ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று இலக்கத்துக்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பொடியன் அப்போது போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவவுடைய போனில் வட்ஸ்அப் மூடிக்கொண்டது.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருடன் தன் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைக் கொடுக்கிறான். நம்பர் உங்களுடையதுதானா என்று பார்க்க, வட்ஸ்அப் உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் அனுப்புகிறது. அது அவன் கைக்குப் போனால் கணக்கு அவனுடையது. இதில் பூட்டை உடைக்கிற வேலையே இல்லை, திறப்பை நாமே கொடுத்துவிடுகிறோம். தோழியின் கணக்கு அதற்கு முதல் நாளே இப்படித்தான் போயிருந்தது. சின்னம்மாவோடு பேசியது அந்தத் திருடன்.

பிறகு அவன் சின்னம்மாவின் பெயரில் எழுதத் தொடங்கினான். பழைய மாணவர் குழு, கோயில் குழு, எங்கள் குடும்பக் குழு, எல்லாவற்றிலும் இருந்தவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி போனது. இந்தமுறை தமிழில். ‘வணக்கம். எனக்கு அவசரமாக பணம் தேவை. 45,000 ரூபாய் அனுப்ப முடியுமா? நாளை திருப்பி தருகிறேன்.’

திருகோணமலையில் இருக்கும் சின்னம்மாவின் மாணவி ஒருத்தி எப்படியோ என் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தா. “அக்கா, ரீச்சர் ‘ரூபாய்’ எண்டு எழுதமாட்டா. ‘அவசரமாக பணம்’ எண்டு ப் இல்லாமல் கனவிலும் எழுதமாட்டா. ‘திருப்பி தருகிறேன்’ எண்டு எழுதின எங்களுக்கு எத்தினை தரம் கொப்பியில சிவப்புக் கோடு போட்டவ. ஆரோ ரீச்சரிட கணக்கை எடுத்திட்டாங்கள்.”

அந்த அழைப்பு வந்தபடியால்தான் மற்றவர்களைத் தடுக்க முடிந்தது. ஆனால் கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் மாமி அதற்கு முதலே அனுப்பிவிட்டா. இப்போது ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்குக் காசு போக சில விநாடி போதும். நான் வங்கிக்கு அழைத்து, இசை கேட்டு, மனிதக் குரலைப் பிடிப்பதற்குள் அது எடுக்கப்பட்டுவிட்டது. சின்னம்மா தன் ஓய்வூதியத்தில் இருந்து மாமிக்கு அந்த 45,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தா. மாமி வேண்டாம் என்று அழுதும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை ஒருவருடைய அழைப்பையும் எடுக்கவில்லை.

அந்த இரண்டு கிழமையும் எனக்கு ஒரு பழைய விஷயம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்கில் இருந்து 951 மில்லியன் டொலர் எடுக்கப் பார்த்தார்கள். 81 மில்லியன் டொலர் மணிலாவுக்குப் போய்விட்டது. 20 மில்லியன் டொலர் இங்கே, எங்கள் கொழும்புக்கு, ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு வந்துகொண்டிருந்தது. காசை அனுப்பச் சொன்ன உத்தரவில், அறக்கட்டளையைக் குறிக்கும் ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஃபண்டேஷன்’ என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையில் இருந்த வங்கி அதைப் பார்த்து விளக்கம் கேட்டது. காசு திரும்பிப் போனது.

உலகத்தின் பெரிய வங்கிகள் கட்டி வைத்திருந்த காவலைத் தாண்டி வந்த அந்த 20 மில்லியனை ஓர் எழுத்துப் பிழை தடுத்துக் கொடுத்தது. திருகோணமலைப் பிள்ளை செய்ததும் அதே வேலைதான். பிழை தெரிகிற மொழியில் செய்தி வந்தது, பிழை தெரிந்தது.

சின்னம்மாவுக்கு வந்த ஆங்கிலச் செய்தியிலும் பிழைகள் இருந்தன. நான் பிறகு எடுத்துப் பார்த்தேன், ஒரு வசனம்கூட ஒழுங்காக இல்லை. தமிழில் ஒரு புள்ளி பிசகினாலும் பிடிக்கிற கண் அது. ஆங்கிலத்தில் அந்தக் கண்ணுக்கு நல்ல வசனமும் பிழை வசனமும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த நாட்டில் இணையப் பாதுகாப்புக்காகச் சொல்லப்படும் அறிவுரைகளில் முக்கால்வாசி, ‘கவனமாக வாசியுங்கள்’ என்பதற்குள் அடங்கிவிடும். இணைப்பின் முகவரியை வாசியுங்கள், அனுப்பியவர் யார் என்று வாசியுங்கள், ஓடிபிக்கு, அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்க வரும் அந்த இரகசிய இலக்கத்துக்கு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். சரி. எந்த மொழியில்? உங்கள் பார்சல் தேங்கி நிற்கிறது, முகவரி சரியில்லை, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த போலி எஸ்எம்எஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அந்த முகவரியில் ஏதோ ஒட்டவில்லை என்று தெரியும். தெரியாதவருக்கு அது ‘பார்சல்’, ‘போஸ்ட்’ என்ற இரண்டு சொல்லும் ஒரு நீல நிறக் கோடும் மட்டும்தான். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழியாகி, 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் இருந்து எத்தனையோ வருடம் போய்விட்டது. என் போனில் கடைசியாக வந்த வங்கி எஸ்எம்எஸ் 40ஐ எண்ணிப் பார்த்தேன். தமிழில் ஒன்றும் இல்லை. கழிவு விலை விளம்பரம் மட்டும் ஒரு கடையில் இருந்து தமிழில் வந்திருந்தது. எங்களுக்கு விற்கவேண்டும் என்றால் தமிழ் தெரிகிறது.

இதில் என் பங்கும் இருக்கிறது. நான் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஊழியர்களுக்கு மாதம் ஒருமுறை போகும் பாதுகாப்பு மின்னஞ்சலை எழுதுவது நான். ஆங்கிலத்தில். வருடத்துக்கு இரண்டு முறை நாங்களே ஒரு போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் அதில் உள்ள இணைப்பை அழுத்துகிறார்கள் என்று சோதிப்போம். ஒவ்வொரு முறையும் களஞ்சியசாலைப் பிரிவில்தான் கூடுதலானோர் அழுத்துவார்கள். பதுளையில் இருந்தும் ஹட்டனில் இருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகள். ‘விழிப்புணர்வு போதாது’ என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போய்விடுவேன். நான் அனுப்பிய எச்சரிக்கையை அவர்களால் வாசிக்க முடிந்ததா என்று 11 வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சின்னம்மாவின் போனை ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்ததும் நான்தான். வட்ஸ்அப்பில் தமிழ் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

பொலிஸில் நடந்ததையும் சொல்லவேண்டும். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன், அந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், சின்னம்மாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, இன்னொருவரின் கணக்கில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார். தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். கையெழுத்து வைக்கச் சொன்னார். சின்னம்மா அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தா. பிறகு என்னைப் பார்த்து, “வாசிக்கத் தெரியாத ஒண்டுக்குச் சரி எண்டு சொன்னதாலதானே பிள்ளை நான் இங்க வந்திருக்கிறன்” என்றா. எனக்குப் பதில் வரவில்லை. வைத்தா. வேறு வழி இருக்கவில்லை.

‘சனங்கள் கவனமில்லை’ என்று நிபுணர்கள் தொலைக்காட்சியில் சொல்லும்போது இப்போது எனக்குக் கோபம் வருகிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் வலையமைப்பு ரான்சம்வெயார் தாக்குதலில், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தாக்குதலில், அகப்பட்டது. கவ் டொட் எல்கே என்று முடியும் ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் அந்த வருடம் ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முதல், 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, கூகுள் டொட் எல்கே என்று சரியாகத் தட்டச்சு செய்தவர்கள்கூட வேறொரு பக்கத்துக்குப் போய் விழுந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை உட்படப் பல விஷயங்களை அந்தப் பக்கம் பேசியது. முகவரிகளை வழிநடத்தும் இடத்திலேயே கை வைத்திருந்தார்கள். அன்றைக்கு எவ்வளவு கவனமாக வாசித்தும் பிரயோசனம் இல்லை. சம்பளம் வாங்கிக் காவல் காப்பவர்களே இப்படி என்றால், 70 வயதில் தனியே இருக்கும் ஒரு மனுசியைப் பார்த்து ‘கவனமில்லை’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

மறுபக்கத்தில் இருப்பது யார் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2024 ஒக்டோபரில் மட்டும் இணைய மோசடி தொடர்பாக 200க்கும் கூடுதலான சீனப் பிரஜைகள் இங்கே கைதானார்கள். எங்கள் பிள்ளைகள் வேலை என்று நம்பிப் போய், மியன்மாரின் மியாவாடிப் பக்க முகாம்களில் அடைபட்டு, இதே வேலையைச் செய்ய வைக்கப்பட்டார்கள். பெரிய தொழிலாக நடக்கிறது. ஆளுக்கு ஆள் புத்தி சொல்லித் தடுக்கக்கூடியது இல்லை.

ஆங்கிலம் படித்தால் தீர்ந்தது என்று நண்பர் ஒருவர் சொன்னார். படிக்கட்டும், நல்லது. ஆனால் காசுக்கு ஆபத்து என்பதைத் தெரிந்துகொள்ள ஒருவர் இன்னொரு மொழி படித்துவிட்டு வரவேண்டுமா? இன்னொருவர், ஏஐ வந்துவிட்டது, இனித் திருடனும் ஒற்றுப் பிழை விடமாட்டான் என்றார். அது உண்மை. அடுத்தமுறை ப் சரியாக இருக்கும், ‘ரூபா’ என்றும் எழுதுவான். அதனால்தான் அவசரப்படுகிறேன். எங்கள் கண்ணுக்கு இருந்த அந்தச் சின்ன அனுகூலமும் போகப்போகிறது. அதற்கு முதல் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் எங்களோடு எங்கள் மொழியில் பேசத் தொடங்கவேண்டும். ஓடிபி செய்தியில் தமிழில் ஒரு வசனம். அவசர இலக்கத்தை எடுத்தால் தமிழில் பேச ஓர் ஆள், இரவிலும். தமிழில் எழுதிய முறைப்பாட்டுத் தாள். வங்கிக்கு நாங்கள் 12 பேர் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் வங்கிக்குக் கொடுங்கள்.

உங்களில் யாருக்காவது இது நடந்தால் முதலில் வட்ஸ்அப்பில் உங்கள் நம்பரை மறுபடி பதிந்து, புதிதாக வரும் ஆறு இலக்கத்தைக் கொடுங்கள். அந்த நிமிடமே திருடன் வெளியே போய்விடுவான். அவன் இடையில் தன்னுடைய இரகசிய இலக்கம் ஒன்றைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரும், ஆனால் அவனாலும் பாவிக்க முடியாது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101. இன்றைக்கே அம்மா, அப்பாவின் போனை எடுத்து மொழியைத் தமிழாக்கி, வட்ஸ்அப்பின் கணக்கு அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை, அதாவது அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசிய இலக்கத்தை, போட்டுவிடுங்கள். பக்கத்தில் இருந்து, அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள்.

சின்னம்மா போன கிழமை மறுபடி போன் எடுக்கத் தொடங்கினா. எங்கள் தொடர்மாடி லிஃப்டில் ஒட்ட நான் ஓர் அறிவித்தல் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். முழுக்க வெட்டிவிட்டு அவவே எழுதினா.

‘உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கம் உங்கள் வீட்டுத் திறப்பு. பிள்ளை கேட்டாலும் வங்கி கேட்டாலும் பொலிஸ் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். காசு கேட்டு எழுத்தில் செய்தி வந்தால், கேட்டவரை அழைத்துக் குரலைக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். நானும் ஏமாந்தவள்தான், ஆறாம் மாடியில் இருக்கிறேன்.’

வேண்டியவர்கள் எடுத்துப் பாவிக்கலாம். மூன்றாம் மாடியில் இருக்கும் சிங்கள அன்ரி லிஃப்டில் இதைப் பார்த்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, தனக்கும் வங்கி எஸ்எம்எஸ் விளங்குவதில்லை, சிங்களத்திலும் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறா. நாளைக்கு இரண்டு பேரும் இருந்து எழுதப் போகிறார்கள்.